ஒட்டக ஊசி போட்ட தெரு

சந்தனமாரி முதல் தடவை செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். மதினிக்காரி ஓடி வந்து, மாரில் அடித்து ஒப்பாரி வைத்து, மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது, செத்தவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

தப்பு முழுக்க அவள் புருஷன் வேம்புராஜுடையது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனியில் ஐஸ்கட்டிப் பார்களைத் தூக்குகிற வேலை அவனுக்கு. சில்லென்ற சமாச்சாரத்தில் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவன். அன்று வேலைக்குக் கிளம்ப எழுந்தபோது கை அவள் பாதத்தில் பட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சீலா மீன் மாதிரி இருந்தது பாதம். கூப்பிட்டான், அசையவில்லை. உலுக்கினான், அசையவில்லை. உப்பளத்தில் நாள் பூராவும் வெயிலில் நின்றுவிட்டு வந்தவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள் என்பது அந்த நேரத்தில் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. வேட்டியைச் சரியாகக் கட்டாமல் தெருவுக்கு ஓடி, "எம் மாரி போயிட்டாளே" என்று கத்திவிட்டான்.

தெரு கூடிவிட்டது. ஒருவர் பந்தல்காரரைப் பார்க்கப் போனார். பக்கத்துத் தெருவில் இருந்த வேம்புராஜின் அக்கா தங்கபுஷ்பம் தலைவிரி கோலமாக வந்தாள். சந்தனமாரி பரிமாறிய ஒரு காதுகுத்து விருந்தில் தன் இலைக்குப் பாயசம் வரவில்லை என்பதற்காக அவள் இந்த வீட்டு வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. சாவு என்றால் அதெல்லாம் பார்க்க முடியுமா. தம்பி பெண்டாட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து குரலெடுத்தாள்.

"உப்பை அள்ளுன கையி இப்படி ஓஞ்சு போச்சே, பெத்த தாயி போல எங்களைப் பேணுனவளே, பந்தியில ஒரு குறை வைக்காத மகராசியே..."

சந்தனமாரி பாட்டின் இரண்டாவது அடியிலேயே விழித்துவிட்டாள். ஆனாலும் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். மதினி வாயால் இப்படியெல்லாம் கேட்க இன்னொரு வாய்ப்பு எப்போது வரும். எழுந்து உட்கார்ந்ததும் அவள் முதலில் சொன்னது இதுதான்:

"மதினி, அந்தப் பந்தி அடியை மட்டும் இன்னொரு தடவ பாடுங்களேன்."

அன்றிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை திரும்பியது. ஒட்டக ஊசியால் ஏற்பட்ட ஒரே நன்மை அதுதான் என்று வேம்புராஜ் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊசிக்கு வேறு ஏதோ நீளமான பெயர் உண்டு. தெருவில் அது ஒட்டக ஊசி. வெண்பரல் உப்பு நிறுவனம் தன் அளங்களில் வேலை பார்த்த பெண்களுக்கு அதைப் போட்டது. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. போட்டுக்கொள்ளாதவர்களுக்கு வேலை இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

உண்மையைச் சொன்னால் பெண்கள் அதை விரும்பித்தான் போட்டுக்கொண்டார்கள். உப்பளத்தில் ஒதுங்க மறைவு கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தியும் வெள்ளை உப்பு அம்பாரமும்தான். அதனால் தாகம் எடுத்தாலும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு வேலை பார்ப்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. தாகமே எடுக்காது, வேர்க்கவே வேர்க்காது என்று ஒரு ஊசி வந்தால் வேண்டாமென்றா சொல்வார்கள். கழிப்பறை கட்டுவதைவிட ஊசி போடுவது சுலபம் என்று நிறுவனமும் கண்டுகொண்டது.

அவள் செத்துப் பிழைத்த மறுநாள் வேம்புராஜ் நிறுவனத்தின் மருத்துவமனைக்குப் போய் டாக்டர் சாலமியைப் பார்த்தான். சின்ன வயசு, நல்ல மாதிரி. அவனை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்.

"நமக்கு உடம்பு ரெண்டு டிகிரி ஏறினாலே காய்ச்சல்னு படுத்துடுவோம். ஏறக் கூடாதுன்னுதான் வேர்க்குது. ஒட்டகம் அப்படி இல்லை. தண்ணியை வேர்வையா வீணாக்காம, பகல் வெயிலை உடம்புக்குள்ளயே வாங்கி வச்சுக்கும். ராத்திரி பாலைவனம் குளிர்ந்ததும் அவ்வளவையும் வெளியே விட்டுடும். விடியும்போது உடம்பு காலிப் பானை. அப்பதானே மறுநாள் வெயிலைப் பிடிக்க இடம் இருக்கும்?"

"அப்ப காலைல சில்லுன்னு கிடக்குறது..."

"தொண்ணூத்தி மூணுக்கு இறங்கும். சாயங்காலம் நூத்தி அஞ்சுக்கு ஏறும். ரெண்டுமே அவங்களுக்கு நார்மல்."

"நூத்தி அஞ்சுன்னா மூள வெந்துராதா டாக்டர்?"

"ஒட்டகத்துக்கு மூக்குல ஒரு ஏற்பாடு இருக்கு. மூச்சுக்காத்துல ரத்தத்தை ஆறவச்சு மூளைக்கு அனுப்பும்."

"எம் பொண்டாட்டிக்கு?"

"அது ரெண்டாம் கட்டத் திட்டத்துல வருது" என்றார் டாக்டர். பிறகு, "காலைல சில்லுன்னு இருந்தா பயப்படாதீங்க. சில்லுன்னு இல்லாட்டிதான் பயப்படணும்" என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வார்த்தை வேம்புராஜின் காதில் விழுந்தது, மனசில் தங்கவில்லை. வழி நெடுக அவன் ஒட்டகத்தின் மூக்கைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தான்.

ஊசி வந்ததும் உப்பளத்தில் ஒவ்வொன்றாக மாறியது. முன்பெல்லாம் இருட்டோடு போய் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். இப்போது வேன் சாவகாசமாகக் காலையில் வந்து, சாயங்காலம் கொண்டுவந்து விட்டது. வெயில் தாங்குகிறவர்களை எதற்கு இருட்டில் கூப்பிட வேண்டும். நிழலுக்குப் போட்டிருந்த கொட்டகையைப் பிரித்தார்கள். தண்ணீர் டிரம் காலியாகக் கிடந்து பிறகு காணாமல் போனது. காய்ச்சல் என்று யாரும் லீவு கேட்க முடியாமல் போனது. உடம்பு சுடுவது இனிமேல் ஒரு காரணமில்லை.

தெருவும் மாறியது. சாயங்காலம் வேன் வந்து நின்றால் மார்கழி மாதத்தில் நாய்களெல்லாம் போய்ப் பெண்களின் காலைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. அவ்வளவு கதகதப்பு. தெருக்கோடியில் ஒருத்தி வேனிலிருந்து இறங்கியதும் தன் பிள்ளை நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, சில்லென்று இருக்கிறது, ஒன்றுமில்லை என்று விளையாட அனுப்பினாள். பிள்ளைக்கு நூற்றி மூன்று காய்ச்சல். அவள் கை அதைவிடச் சூடாக இருந்தால் அது அவளுக்கு எப்படித் தெரியும். பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் தெருவில் காய்ச்சல் பார்க்க ஆண்களைத்தான் கூப்பிட்டார்கள்.

வேம்புராஜைப் போல இன்னும் மூன்று நான்கு புருஷன்மார்கள் விடியற்காலையில் கத்தித் தெருவைக் கூட்டியதும் நிறுவனம் ஒரு விதி போட்டது. வேனோடு வருகிற சூப்பர்வைசர் ஆறுமுகநயினார் அதைத் தெருமுனையில் நின்று சத்தமாக அறிவித்தார். காலையில் சில்லென்று இருந்தால் அது தூக்கம். மாலையில் சூடாக இருந்தால் அது களைப்பு. இரண்டும் சாவு ஆகாது. இனிமேல் சாவு என்று சொல்கிற வீட்டுக்கு அவரே வந்து நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற கருவியைப் பிடித்துப் பார்ப்பார். சாவைத் தவிர வேறு எதற்கும் லீவு கிடையாது. மனிதர் கெட்டவரில்லை. விதியைப் படித்து முடித்ததும், யாராவது ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அவருக்கு யாரும் ஊசி போடவில்லை.

வேம்புராஜுக்கு விதி புரிந்தது. கைக்குப் புரியவில்லை. தினமும் விடியற்காலையில் அந்தப் பாதத்தில் கை படும். தூங்குகிறாள் என்று தெரியும், ஆனாலும் மனசு கேட்காது. மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான். வேலைக்கு லேட்டாகும். பார்த்தாள் சந்தனமாரி. ஒரு வழி சொன்னாள்.

"பாதத்தைத் தொடுங்க. உசுரு இருந்தா உதைக்குதேன்."

அன்றிலிருந்து அவன் தொடுவான், அவள் தூக்கத்திலேயே ஒரு உதை விடுவாள், அவன் நிம்மதியாக வேலைக்குப் போவான். பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய்க்கு இது தெரிந்து தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். அவளும் ஊசிக்காரிதான், சந்தனமாரியோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள். புருஷன் லாரியில் மாசக்கணக்காக வெளியூர் போகிறவன். எனக்கெல்லாம் உதைக்கக்கூட ஆளில்லை அண்ணாச்சி என்பாள்.

சாயங்காலங்கள் நன்றாக இருந்தன. சந்தனமாரி அடுப்பு மாதிரி வந்து உட்காருவாள். வேம்புராஜ் ஐஸ் பிடித்து விறைத்த கைகளை நீட்டுவான். அவள் அவற்றை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள். கல்யாணமான புதிதில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்ததில்லை.

அந்த வருஷம் கத்திரி வெயிலோடு வேறொன்றும் சேர்ந்தது. சாயங்காலம் வரவேண்டிய கடற்காற்று வரவில்லை. இரவில் பாய், தலையணை, சுவர் எல்லாம் சூடாகவே கிடந்தன. தெருவே விசிறிக்கொண்டு விழித்திருந்தது. அந்த நாட்களில் ஒரு விடியற்காலையில் வேம்புராஜ் பாதத்தைத் தொட்டபோது அது அவ்வளவாகச் சில்லென்று இல்லை. இரண்டு நாள் கழித்துச் சுத்தமாகச் சில்லென்று இல்லை. சாதாரண மனுஷிகளின் பாதம்போல வெதுவெதுப்பாக இருந்தது. அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. உதைக்காகக் காத்திருக்கக்கூட இல்லை. ஊசியின் வேகம் இறங்கிவிட்டது, பெண்டாட்டி பழையபடி ஆகிவிட்டாள் என்று முடிவுகட்டி, ஐஸ் கம்பெனியில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். குழந்தை பிறந்திருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

டீ குடித்துவிட்டு அச்சிலிருந்து பாரை எடுத்தபோது நடுவில் பொந்தாக இருந்தது. வெளியே கெட்டி, உள்ளே தண்ணீர் குலுங்கியது. அடுத்ததும் அப்படியே. ஐஸ் வாங்க வந்த மீன்பிடி போட்டுக்காரர் சத்தம் போட்டார். மேஸ்திரி சலித்துக்கொண்டார்.

"நாங்க என்ன செய்ய? முன்னெல்லாம் தொட்டித் தண்ணி ராத்திரி ஆறிக் கிடக்கும், ஊத்துனா உறையும். இப்ப ராத்திரியே ஆறலையே. நேத்துச் சூட்டோட ஊத்துனா நேத்துச் சூட்ட எடுக்கவே மிசினுக்குப் பொழுது போயிருது."

நேற்றுச் சூடு. வேம்புராஜ் பாரைக் கீழே போட்டுவிட்டான். டாக்டர் சொன்ன காலிப் பானையும், அதற்கடுத்துச் சொன்ன வார்த்தையும் அப்போதுதான் அவன் மனசில் வந்து உட்கார்ந்தன. பாலைவனத்தில் ராத்திரி குளிரும். தூத்துக்குடியில் எங்கே குளிர்கிறது. அவள் நேற்றுச் சூட்டை இறக்காமலேயே இன்றைக்கு வெயிலுக்குப் போயிருக்கிறாள். நாளைக்கும் போவாள். டீ வாங்கிக் கொடுத்ததை நினைத்து அவனுக்கு அழுகை வந்தது.

மருத்துவமனைக்கு ஓடினான். டாக்டர் சாலமி இரண்டாம் கட்டத் திட்டத்துக்காக வெளியூர் போயிருந்தார். சூப்பர்வைசரைத் தேடிப் பிடித்து, என் பெண்டாட்டிக்குக் காலையில் உடம்பு சில்லென்று இல்லை, இரண்டு நாள் லீவு கொடுங்கள் என்று கெஞ்சினான். ஆறுமுகநயினாருக்கு அது விளங்கவில்லை. சில்லென்று இருக்கிறது என்று முறையிட்டவர்களை அவர் பார்த்திருக்கிறார். இல்லை என்று முறையிடுகிறவன் இவன்தான். சாவுக்கு மட்டும்தான் லீவு என்று மறுபடியும் சொன்னார். லீவில்லாமல் நின்றால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், பிறகு எந்த அளத்திலும் சேர்க்க மாட்டார்கள் என்று அக்கறையோடும் சொன்னார்.

சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய சந்தனமாரி வாசல்படியைப் பார்க்காமல் இடறினாள். அவன் கைகளை நீட்டினான். அவள் வாங்கவில்லை. யார் கை என்று கேட்பதுபோலப் பார்த்தாள். ராத்திரி முழுக்க விசிறினான்.

விடிந்தபோது பாதம் அவன் கையைவிடச் சூடாக இருந்தது. உதை வந்தது, ஆனால் குழந்தை உதைப்பதுபோல வந்தது. அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைச் சட்டையைத் தேடினாள். வேன் வரும் நேரம்.

"ஏட்டி, இன்னைக்குப் போகாத."

"பேரை எடுத்துட்டா என்ன செய்ய? நீங்க ஒருத்தர் ஐஸ் தூக்கியா?"

வேம்புராஜ் அவள் கையைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்தான். பிறகு பாயை விரித்தான்.

"படு. இன்னைக்கு ஒரு நாள் செத்துப் போயிரு."

அவளுக்கு விளங்கியது. வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பாள். "மதினிக்குச் சொல்லிருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக் கண்ணை மூடினாள். அவன் வாசலுக்குப் போய், இந்தத் தடவை வேட்டியைச் சரியாகக் கட்டிக்கொண்டு, கத்தினான்.

தெரு அவசரப்படவில்லை. பல் தேய்த்துக்கொண்டே இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தங்கபுஷ்பம் மட்டும் வந்து, தம்பி காதில் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து பழைய பாட்டையே பாடினாள். பந்தி அடியை அவளாகவே இரண்டு தடவை பாடினாள்.

ஆறுமுகநயினார் கருவியோடு உள்ளே வந்தார். நெற்றியில் பிடித்தார். நூறு காட்டியது. அவர் முகம் குழம்பியது. காலையில் சில்லென்று இருந்தால் தூக்கம். இது சில்லென்று இல்லை. மாலையில் சூடாக இருந்தால் களைப்பு. இது மாலை இல்லை. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கேயும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். தூக்கத்திலும் சேராமல் களைப்பிலும் சேராமல் ஒரு ஊழியர் இருந்தால் அவரை வேலைக்கு வரச் சொல்ல வழியில்லை என்று முடிவாகியது. சந்தனமாரிக்குச் சாவு லீவு கிடைத்தது. அவர் போகும்போது, தப்பாக நினைக்காதீர்கள், விதி அப்படி என்று வேம்புராஜின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வாசலில் பேச்சித்தாய் வேனுக்குக் காத்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, கண் எங்கோ பார்த்தது. வேம்புராஜ் அவளிடம் ஓடினான்.

"தாயீ, நீயும் போகாத. உங்க எல்லாருக்கும் நேத்துச் சூடு உள்ளயே கிடக்கு. ஒனக்கும் நான் கத்துதேன்."

பேச்சித்தாய் சிரித்தாள். "ஒரு தெருவுல ஒரு நாளைக்கு ஒரு சாவுதான் நம்புவாங்க அண்ணாச்சி. நான் நாளைக்குச் சாவுதேன்" என்றாள். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, சந்தனமாரி வீட்டைப் பார்த்துக் காலை உதைப்பதுபோல ஆட்டிக் காட்டினாள்.

அன்று பகல் முழுக்க வேம்புராஜ் பொந்து விழுந்த பார்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தான். யாரும் வாங்காத பார்கள், சும்மா கொடுத்தார்கள். ஈரச் சாக்கில் சுற்றிப் பெண்டாட்டியின் இரண்டு பக்கமும் அடுக்கினான். பாலைவனத்து ராத்திரி ஒன்றை அவன் அந்தச் சின்ன அறைக்குள் பட்டப்பகலில் கொண்டுவந்தான். பொழுது சாயும்போது அவள் பாதத்தைத் தொட்டான். சில்லென்று இருந்தது. பலமாக ஒரு உதை வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சில்லிப்புக்காக அவன் சாமியைக் கும்பிட்டான்.

வேன் வந்தது. பேச்சித்தாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் வீட்டில் கிடத்தினார்கள். கூட வந்த பெண்கள் அலறினார்கள். தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை. நாளைக்கு யாருக்கோ லீவு வேண்டும் போலிருக்கிறது என்று உள்ளிருந்தே பேசிக்கொண்டார்கள். செத்துப் போயிருந்த சந்தனமாரிதான் முதலில் ஓடினாள். பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். யாரோ கூப்பிட்டு வந்த ஆம்புலன்ஸ்காரர் நாடியையும் கண்ணையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஆறுமுகநயினார் பேச்சித்தாயின் நெற்றியில் கருவியைப் பிடித்தார். நூற்றி ஏழு. களைப்பு என்றார். உடம்பு இவ்வளவு சுடும்போது சாவு என்று எழுத விதியில் இடமில்லை, காலையில் பார்க்கலாம் என்றார். மூச்சு இல்லையே என்று சந்தனமாரி சொன்னாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். காலையில்தான் அவள் சாவுக்கு அவரே லீவு வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் சொல்வதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல் வேனில் ஏறிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் வந்தார். அவருக்கும் ராத்திரி தூக்கமில்லை போலிருந்தது. கருவியைப் பிடித்தார். சில்லென்று இருந்தது. கருவியில் தொண்ணூற்றி மூன்று. மறுபடி பிடித்துப் பார்த்தார், அதேதான்.

"தூக்கம்னுதான் வருது" என்றார் மெதுவாக.

பேச்சித்தாயின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த சந்தனமாரி கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"அப்ப தொடுங்க சார். பாதத்தத் தொட்டுப் பாருங்க. உசுரு இருந்தா உதைப்பா."

ஆறுமுகநயினார் கருவியைச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் குனிந்தார். பாதத்தைத் தொட்டார். கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெளியே, மற்ற பெண்கள் ஏறிவிட்டார்கள் என்று டிரைவர் ஹாரன் அடித்தார்.